நாஞ்சில் நாட்டு இல்லறமும் சுசீந்திரத்து மக்கள்மார் சந்திப்பும்

சீகாழியிலே சிவபாத இருதயர் ஒருநாட் காலையில் நீராடப் புறப்பட்டபொழுது, அவர்தம் இளம் பிள்ளையார் தாமும் உடன்வருவேன் என்று அழுது பின்றொடர்ந்தார். தந்தையார் விலக்கியும் விடாராய்ச் சென்ற அச்சிறு செலவினாற் சைவ உலகம் பெற்ற பேறு எத்துணையது என்பதைப் பெரியபுராணம் ஓதும் அன்பர் யாவரும் அறிவர். தகப்பனும் மகனுமாக ஒரு குளக்கரைக்குச் சென்ற செலவே அது. குடும்பத்தோடு வீட்டைவிட்டுப் புறம்போந்து இறைவன் திருமுன்னர்ச் சென்று மீளுதல் என்னும் எளிய வழக்கம் நம் சமய வரலாற்றில் பெறும் இடத்தை எண்ணுவார் சிலரே. மன்னர் கட்டிய கோபுரங்களையும் வெட்டுவித்த சாசனங்களையும் ஆராய்வார் பலர். அக்கோபுர வாயிலுட் பிள்ளையைத் தோளிற் சுமந்து நுழைந்த தந்தையரையும், கட்டுச்சோற்று மூட்டையோடு பின்வந்த தாய்மாரையும் ஆராய்வார் அரியர். அக்குறையைச் சிறிது நிரப்புதல் வேண்டி, நாஞ்சில் நாட்டு இல்லறத்தார் ஓராண்டினைக் கழித்து வந்த முறைமையையும், அவ்வாண்டின் நடுமணியாக நின்ற சுசீந்திரத்து மார்கழித் திருவிழாவையும், அவ்விழாவில் நிகழும் மக்கள்மார் சந்திப்பு என்னும் ஒரு நிகழ்ச்சி எழுப்பும் வினாவையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாஞ்சில் நாடாவது, பழைய பிரிவின்படி தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களும் அடங்கிய மருதநிலப் பகுதி. இதற்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு என்னும் வட்டங்கள் உள. இவை யாவும் நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்து, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிற் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மலையினின்றிழியும் பழையாறு பூதப்பாண்டி, சுசீந்திரம் என்னும் ஊர்களைத் தொட்டு மணக்குடியிற் கடலொடு கலக்கும். 1906-ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீரும் பின்னர் இந்நாட்டு வயல்களுக்கு வந்து உதவிற்று.

இந்நாட்டில் நெல் ஆண்டுக்கு இருபோகம். ஒரு போகத்தைக் கன்னிப்பூ என்றும் மற்றொன்றைக் கும்பப்பூ என்றும் வழங்குவர். கொல்லம் ஆண்டின் கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. அறுவடை மாதமே போகத்திற்குப் பெயராயிற்று. நாஞ்சில் நாட்டுக் குடும்பம் எப்பொழுது வீட்டிலிருக்கும், எப்பொழுது வெளியிற் புறப்படும் என்பதை முதற்கண் முடிவு செய்தவை இவ்விரு பூக்களே. இரண்டாவதாக முடிவு செய்தவை கோயில்களின் கொடியேற்றங்கள். இவ்விரண்டும் தம்முள் முரணாது இயைந்து நின்றமை வியக்கத்தக்கது. கன்னிப்பூ களத்திற்கு வரும் காலத்தில் நவராத்திரி வருகின்றது. கும்பப்பூ களத்திற்கு வரும் காலத்திற் சிவராத்திரி வருகின்றது. நட்டுக் களையெடுத்து முடித்து, கதிரை நோக்கி உழவர் காத்திருக்கும் மார்கழியிற் சுசீந்திரத்துத் தேர் ஓடுகின்றது. வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பதை அந்நாளைக் குடும்பங்கள் அறியா. வயல் இசைந்த நாளே ஓய்வு நாள். அந்நாளிற் கோயிலுக்குச் செல்வதே உலா.

ஆண்டுக் கணக்கும் இவர்களுக்கு இரண்டு. அரசிறைக்கும் ஆவணங்களுக்கும் கொல்லம் ஆண்டு ஆவணியிற் பிறக்கும். வீட்டிற்கோ சித்திரை விசுவே ஆண்டுப் பிறப்பு. முதல்நாள் இரவே முதியவள் ஒருத்தி கனிகளும் காய்களும் நெல்லும் பொன்னும் கண்ணாடியும் ஒரு தட்டில் ஒழுங்குபடுத்தி வைக்க, வைகறையிற் பிள்ளைகளைக் கண்பொத்தி அழைத்து வந்து கனி காட்டுவர். பெரியோர் கையினின்று பிள்ளைகள் பெறும் கைநீட்டக் காசு அன்றைப் பொழுதிற்குள்ளேயே செலவழிதலும் உண்டு. சித்திரையிலேயே சுசீந்திரத்துத் தெப்பக்குளத்திற் தெப்பவிழா நிகழும். வைகாசி விசாகத்தையொட்டிக் குமரிமுனையிற் பகவதியம்மைக்குத் தேர்.

குமரிக்குச் செல்லும் செலவு பிள்ளைகளுக்குத் தனிமகிழ்ச்சி தருவது. முக்கடலிலே நீராடிய ஈரம் புலராமுன்னர், கரையிற் பலநிறமாய்க் கிடக்கும் மணலை வாரி முந்தானையில் முடிந்துகொள்வர். அவற்றுள் ஒருவகை மணல் அரிசியை ஒத்திருக்கும். சுசீந்திரத்துப் பெருமான் குமரியை மணக்க எழுந்தருளிய இரவில் நாரதர் சேவலாய்க் கூவிப் பொழுது புலர்ந்ததாக மயக்கவே, பெருமான் மீண்டருளினார் என்றும், மணம் தடைப்பட்டுச் சமைத்த உணவுப் பொருள்கள் மணலாய் மாறின என்றும் தாய்மார் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவர். தத்துவ விசாரணைக்கு அக்கதை எவ்வளவிற் பொருந்தும் என்பது வேறு. ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்குத் தெய்வத்தைக் கையில் ஒரு பிடி மணலாக வைத்துக் காட்டிற்று என்பதே ஈண்டைக்கு வேண்டுவது. ஆடி அமாவாசையில் அதே கடற்கரைக்கு மீண்டும் செல்வர்; அப்பொழுது மகிழ்ச்சியில்லை; இறந்தோரை எண்ணி எள்ளும் நீரும் இறைத்து மீளுவர்.

ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோயில் நாகராசர் திருக்கோயிலுக்குப் பெண்டிர் பாலும் மஞ்சளும் கொண்டு செல்வர். பிள்ளைப்பேறு வேண்டியும், பிறந்த பிள்ளை நோயின்றி இருத்தல் வேண்டியும் செய்யப்படும் இவ்வழிபாடு முழுவதும் மகளிர் வழிபாடே எனலாம். அத்திருக்கோயிற் தூண்களிற் சமண தீர்த்தங்கரர் வடிவங்கள் காணப்படுதலின் அதன் பண்டை வரலாறு வேறாம். அதனை விரிப்பிற் பெருகும்.

புரட்டாசியில் நவராத்திரி. இந்நாட்டு நவராத்திரிக்கு ஒரு சிறப்புண்டு. பதுமநாபபுரம் அரண்மனையிற் கோயில்கொண்ட சரசுவதியம்மையும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் சென்று, விழா முடிந்தபின் தத்தம் இருப்பிடம் திரும்புவர். பதுமநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்து, பின்னர்த் திருவனந்தபுரம் தலைநகரானமையின், அரசர் வழிபட்ட தெய்வங்கள் ஆண்டுக்கொருமுறை அரசரை நாடிச் செல்லும் வழக்கம் உண்டாயிற்று. அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் வழக்கு. மாநிலங்கள் பிரிந்து எல்லைக்கோடு இடையிற் புகுந்த பின்னரும் இச்செலவு நின்றிலது. வழிநெடுக வீடுகளின் முன்னே விளக்கேற்றிக் குடும்பங்கள் காத்துநிற்கும். வீட்டார் கோயிலுக்குச் செல்வதற்கு மாறாகத் தெய்வமே வீட்டு வாயிலைக் கடந்து செல்லும் நாள் இது.

தையிற் பொங்கலும் பூதப்பாண்டிப் பூதலிங்கப் பெருமான் தேரும். பங்குனியில் வேளிமலையில் வள்ளி திருமணம். மலைக்குறவர் தம் மகளைத் தாராது எதிர்த்துப் பொருது வீழ்ந்ததாகக் குறவர் படுகளம் நடித்துக் காட்டிய பின்னரே அங்குத் திருமணம் நிகழும். பெண் கொடுக்கும் வீட்டாரின் மனநிலையை உள்ளவாறறிந்தே இவ்விழாவை வகுத்தனர் போலும்!

மாசிச் சிவராத்திரியிற் நிகழும் சிவாலய ஓட்டத்தைச் சிறிது விரித்துக் கூறல் தகும். முஞ்சிறைத் திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்னும் பன்னிரு சிவாலயங்களையும் காவியுடுத்துக் கையில் ஓலைவிசிறி ஏந்தி, பகலும் இரவும் ஓடித் தொழுது முடிப்பது இவ்வோட்டம். ஓடுவோர் கூவுவது கோவிந்தன் நாமம், தொழுவது சிவலிங்கம், முடிவிடமாகிய திருநட்டாலத்திற் சங்கரநாராயணத் திருவுருவம். வீமன் திருமால் நாமத்தைச் சொல்லி ஓட, சிவபத்தி மிக்க புருடாமிருகம் துரத்திய கதையை இதற்கு மூலமாகக் கூறுவர். இக்கோயில்கள் யாவும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களைச் சார்ந்தனவாதலின், நாஞ்சில் நாட்டார்க்கு இது மேற்கு நோக்கிய பயணமாகும். இது குடும்பச் செலவு அன்று; பண்டு ஆடவர் மாத்திரமே ஓடினர். ஆயினும் குடும்பம் இதனுள் இல்லை என்றலும் ஆகாது. வழியோரத்து வீட்டார் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு, முகமறியாத ஓட்டக்காரருக்கு இரவு முழுதும் வார்த்துக்கொடுப்பர். ஓடியவன் பெற்ற பயன் பெரிதோ, அவனுக்கு நீர் வார்த்தவள் பெற்ற பயன் பெரிதோ என்று வினவின், சரியையின் இயல்பறிந்தோர் விடைகூறத் தயங்குவர்.

இனி மார்கழிக்கு வருவோம்.

சுசீந்திரம் தேவாரப் பாடல்பெற்ற தலங்களுள் வைத்து எண்ணப்படுவது அன்று. பூசைமுறையும் மலையாள நாட்டுத் தாந்திரிக முறை. மூலவர் பெயர் தாணுமாலயன். தாணுவாகிய சிவனும் மாலும் அயனும் ஒருங்கியைந்த திருப்பெயர். இவை காரணமாகச் சித்தாந்த நூல் பயின்றோர் சிலர் இத்தலத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துப் பேசக் கேட்டிருக்கின்றோம். அன்னோர் இத்தல வரலாற்றின் உட்கிடையை நோக்குவாராயின் அவ்வாறு பேசார். அத்திரி முனிவர் இல்லாத வேளையில் மூவரும் முதிய அந்தணராய் வந்து, அனசூயை ஆடையின்றி அமுதிடல் வேண்டும் என்றனர். அவள் தன் கற்பின் ஆற்றலால் நீர் தெளித்து அவர்களைச் சிறு குழந்தைகளாக்கித் தொட்டிலிலிட்டுப் பாலூட்டினாள். இத்தலத்தின் முதற்கதையே, தெய்வம் ஓர் இல்லத்திற் பிள்ளையானது பற்றியது. மற்றொரு கதை அறம்வளர்த்த நாயகியைப் பற்றியது. இந்நாட்டு வேளாண்குடியிற் பிறந்த பெண்ணொருத்தி வீட்டாரோடு கோயிலுக்கு வந்தவிடத்து இறைவனோடு ஒன்றாய்க் கலந்துவிட்டாள் என்றும், அவளே அம்மையாக எழுந்தருளியிருக்கின்றாள் என்றும் செவிவழிச் செய்தி. மாசியில் அவளுக்குத் திருமணவிழா நடக்கும். ஆகவே நாஞ்சில் நாட்டார்க்குச் சுசீந்திரம் தம் பெண்ணைக் கொடுத்த வீடு. சம்பந்தி வீட்டு விழாவிற்குப் போகும் உரிமையோடும் உவகையோடும் அவர்கள் மார்கழியிற் புறப்படுவர்.

மார்கழி விழா கொடியேற்றம் முதல் திருவாதிரை ஈறாகப் பத்து நாள். சுற்றூர்க் குடும்பங்கள் வில்வண்டியிலும், வைக்கோல் பரப்பிய பார வண்டியிலும் வந்து இறங்கும். ஊருக்குள் உறவினர் வீடு உள்ளோர் அங்குத் தங்குவர். இல்லாதார் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டுச்சோற்றைப் பிரிப்பர். புளிச்சோறும், ஏத்தங்காய் உப்பேரியும், வாழையிலையின் மணமும் கூடிய அவ்வுணவின் சுவை வீட்டிலுண்ணும் உணவிற்கு வாராது என்பது இந்நாட்டு முதியோர் துணிபு. கடைத்தெருவில் வளையலும் மரப்பாவையும் கரும்பும் பொரியும் வாங்கிப் பெறாத பிள்ளை இராது. கோயிலுட் சென்று, தட்டினால் இசையெழும் கற்றூண்களிற் காதைப் பொருத்திக் கேட்பதும், பதினெட்டடி அனுமனை அண்ணாந்து நோக்குவதும், கொன்றையடியைத் தொழுவதும் ஆண்டுதோறும் பிள்ளைகள் விடாமற் செய்தவை. ஐந்தாம் நாட் காலையிற் கருடன் வட்டமிடக் காணுதற்கு மக்கள் வான்நோக்கி நிற்பர். ஒன்பதாம் நாள் தேர். பத்தாம் நாள் ஆருத்திரா தரிசனம்.

மூன்றாம் நாள் இரவிலே நிகழ்வதுதான் மக்கள்மார் சந்திப்பு. பெற்றோர்க்கு விழா நடக்கின்றது என்று அறிந்து, கோட்டாற்றினின்று வலம்புரி விநாயகரும், மருங்கூரினின்று சுப்பிரமணியரும், வேளிமலையினின்று குமாரசுவாமியும் சுசீந்திரத்திற்கு எழுந்தருளுவர். தந்தையும் தாயும் மக்களும் வீதியில் எதிரெதிர் நின்று கண்டுகொள்ளும் அவ்விரவிற் கூடும் கூட்டம் தேர்க்கூட்டத்திற்குச் சிறிதும் குறையாது. முருகன் ஒருவனே இருவராய் வருதல் எங்ஙனம் என்று நூலறிவுடையார் வினவக்கூடும். இந்நாட்டார்க்கு அவ்வையம் எழுந்ததில்லை. இரண்டூரில் இருப்பவர் இரண்டு பிள்ளைகளே. அவர்கள் விழாமுடியும் வரை தாய்தந்தையர் வீட்டிலேயே தங்குவர்.

மக்கள்மார் என்னும் சொல்லை நோக்குக. மக்கள் என்பதே பன்மை. அதன்மேல் மார் என்னும் மற்றொரு பன்மை ஈறு. இலக்கணம் வல்லார் வழு என்பர். நாஞ்சில் நாட்டுப் பேச்சில் இவ்விரட்டைப் பன்மை இயல்பாய் வழங்கும். அவ்வாறு இரட்டித்துச் சொல்லும்பொழுது அதிற் பிள்ளைகள்பாலுள்ள பரிவும் இரட்டித்து ஒலிப்பதாக எமக்குத் தோன்றுகின்றது. இப்பரிவு ஏன் ஈண்டைக்கு வேண்டப்படுகின்றது எனின், இதே நாட்டில் மக்கள் என்னும் சொல்லுக்கு எதிராய் மருமக்கள் என்னும் மற்றொரு சொல் நூற்றாண்டுகளாக நின்றது.

நாஞ்சில் நாட்டு வேளாளருள் ஒரு பெரும் பிரிவினர் மருமக்கள் வழியினர். ஒருவன் இறந்தால் அவனுடைய நிலமும் வீடும் அவன் பெற்ற மக்களைச் சாரா. அவனுடன் பிறந்தாள் மக்களாகிய மருமக்களையே சாரும். குடும்பச் சொத்தை ஆள்பவர் காரணவர். மலையாள நாட்டின் பிற மருமக்கள் வழியினரிடையே மனைவி பெரும்பாலும் தன் தாய்வீட்டிலேயே இருப்பள். அவள் மக்கள் தம் மாமன் வீட்டில் உரிமையோடு வளர்வர். நாஞ்சில் நாட்டிலோ மனைவி கணவன் வீட்டிற்கு வந்து வாழ்வள்; மக்களும் தகப்பன் வீட்டிலேயே பிறந்து வளர்வர். வாழ்வது ஒரு வீடு. உரிமையுள்ளது மற்றொரு வீடு. இந்த முரணே இந்நாட்டுக் குடும்பத்தின் தீராநோயாயிற்று. தகப்பன் இறந்த வீட்டில் ஈமக்கடன் முடியுமுன்னரே மருமகன் வந்து சாவி கேட்பதும், பெற்ற மக்கள் தாயோடு வெளியேறுவதும் கதையன்று. உகந்துடைமை என்ற பெயரால் மனைவி மக்களுக்கு ஒரு சிறு பங்கு வழங்கும் வழக்கம் உண்டு. அதுவும் பல குடும்பங்களில் வழக்குமன்றப் படியேறியே பெறவேண்டியதாயிற்று. தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) இயற்றிய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் இத்துன்பத்தை ஒரு காரணவரின் மனைவி வாய்மொழியாக வைத்துப் பாடியது. நகைச்சுவை நூல் என்று அதனைக் கொண்டாடுவோர் பலர். அந்நகையின் அடியில் எத்தனை தாய்மாரின் கண்ணீர் உள்ளது என்பதை அந்நாட்டிற் பிறந்தோர் அறிவர்.

இப்பொழுது மார்கழி மூன்றாம் நாளிரவைக் கருதுக. வீதியிலே ஒரு தகப்பன் தன் மகனைத் தோளின்மேல் இருத்தி, தந்தையைக் காண வரும் தெய்வப் பிள்ளைகளைச் சுட்டிக் காட்டுகின்றான். அம்மகன் தான் இருக்கும் வீட்டிற்கு உரியவன் அல்லன். அவன் தாய்க்கு இது தெரியும், தகப்பனுக்கும் தெரியும். மேலே சிவபெருமான் தம் மக்களை எதிர்கொண்டு வீட்டிற்குள் அழைத்துச் செல்கின்றார்; கீழே நிற்கும் தகப்பனுக்கோ தன் மகனை அங்ஙனம் வீட்டிற்கு உரியவனாக்கச் சட்டம் இடந்தரவில்லை. கோயிலில் மக்கள் வழி. வீட்டில் மருமக்கள் வழி! அண்மையிலுள்ள கோயில்களின் திருவுருவங்கள் பெருங்கோயில் விழாவிற்கு வருதல் தமிழ்நாட்டில் வேறிடங்களிலும் உள்ளதே, இதற்கு இத்துணைப் பொருள் காண்பது மிகையன்றோ எனின், வருதல் பொதுவே. அதற்கு மக்கள்மார் சந்திப்பு என்று பெயரிட்டுப் பத்து நாளுள் ஒரு தனி நாளாகப் போற்றியது இந்நாட்டு மக்களின் உள்ளமே. அவ்விழா சட்டத்தை மாற்றிற்று என்று யாம் கூறவில்லை. மாற்றம் வேண்டிய நெஞ்சங்கள் ஆண்டுதோறும் அவ்விரவில் எதைக் கண்டு நின்றன என்பதையே கூறுகின்றோம்.

சித்தாந்த நூல்கள் கிரியையைச் சற்புத்திர மார்க்கம் என்கின்றன. அஃதாவது மகன்மை நெறி. அந்நெறிக்கு எடுத்துக்காட்டாய் நின்றவர் முற்கூறிய சீகாழிப் பிள்ளையார். தந்தையின் பொருள் அனைத்தும் தன்னதே என்னும் உரிமையால் அணுகுதலே மகன்மை. சிவதத்துவத்திற்கு இவ்வுவமையை எடுத்துக்கொண்ட சைவம், தன்னைப் பேணிய ஒரு நாட்டிலே உவமையின் பொருளே வழக்கொழிந்து கிடந்ததை நெடுங்காலம் கேளாதிருந்தது. இதனைச் சொல்லாமல் விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

கொல்லம் 1101-ஆம் ஆண்டில், அஃதாவது கி.பி. 1926-இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை நிறைவேற்றிற்று. கூட்டுக்குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ளவும், தகப்பன் பொருளில் மனைவி மக்கள் உரிமை பெறவும் அச்சட்டம் வழிவகுத்தது. நாயர், ஈழவர் ஆகியோர்க்கு அதற்கு முன்னாண்டிலேயே சட்டங்கள் வந்துவிட்டன. மருமக்கள் வழி ஒரேநாளில் மறையவில்லை. பாகப்பிரிவினை வழக்குகள் பின்னரும் பல்லாண்டு நடந்தன. எனினும் தோளிலிருந்த மகன் வீட்டிற்குரியவனாதற்கு வாயில் திறந்தது அவ்வாண்டிலேதான்.

அதே 1926-இற் சுசீந்திரத்து வீதியில் மற்றொரு வாயிலைத் தட்டும் ஓசை எழுந்தது. இதுகாறும் யாம் குடும்பங்கள் வண்டி கட்டி வந்தன என்றும், பிள்ளைகள் இசைத்தூணிற் காதைப் பொருத்தின என்றும் எழுதினோம். எல்லாக் குடும்பங்களுமோ எனின், இல்லை. நாடார், ஈழவர் முதலிய பல குலத்தாரும், கன்னிப்பூவையும் கும்பப்பூவையும் நட்டு அறுத்துக் களஞ்சேர்த்த உழவுத் தொழிலாளரும் கோயிலுட் புகுதல் கூடாது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடத்தலும் கூடாது என்று விலக்கப்பட்டிருந்தனர். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தனர். கொட்டு முழக்கம் அவர்கள் செவிக்கும் எட்டியது. மக்கள்மார் சந்திப்பிற்கு மருங்கூரினின்று தெய்வம் எழுந்தருளிய வழியின் இருமருங்கும் அவர்கள் நட்ட பயிரே நின்றது. வைக்கத்துப் போராட்டத்தை அடுத்து, சுசீந்திரத்துத் தெருக்களில் யாவரும் நடக்கும் உரிமை வேண்டி 1926-இற் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் அதில் முன்னின்றனர். 1930-இல் மறுபடியும் நிகழ்ந்தது. எதிர்த்தோருள் நாள்தோறும் நீறணிந்து, திருநாளைப்போவார் புராணத்தை உருகிப் படித்தவரும் இருந்தனர் என்பதை நாணத்தோடு எழுதுகின்றோம்.

வெளியில் நின்றோர் அதற்கு முன்னரே வாளா இருந்தாரல்லர். சுசீந்திரத்திற்குத் தென்கிழக்கே நிற்கும் மருந்துவாழ்மலையின் குகையில் தவமிருந்த நாராயண குரு, 1888-இல் நெய்யாற்றங்கரைக்கு அருகே அருவிப்புறத்திற் சிவலிங்கம் நிறுவினார். கோயில் உள்ளே விடாதபொழுது சிவம் வெளியே வந்தது. அம்மலைக்கு இன்றும் குடும்பத்தோடு ஏறிச் செல்வோர் பலர். மூலிகைக் காற்றையும், உச்சியிற் காணும் கடலையும் வியப்போர், அக்குகையின் முன்னர்ச் சிறிது நின்று வருவது நலம்.

தூய்மை பற்றி இத்தலத்தில் வழங்கிய எண்ணங்களின் வரலாறும் இதனொடு தொடர்புடையது. இந்திரன் கொதிநெய்யில் மூழ்கித் தூயனானமையிற் சுசீந்திரம் எனப் பெயர்வந்தது என்பர். அதனைப் பின்பற்றி, ஒழுக்கக்குற்றம் சாற்றப்பட்ட நம்பூதிரியர் கொதிக்கும் நெய்யிற் கையிட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்கும் கைமுக்கு என்னும் கொடிய வழக்கம் இங்கு நடந்து வந்தது. சுவாதித் திருநாள் அரசர் (ஆட்சி 1829-1847) அதனை ஒழித்தார். கைமுக்கு ஒழிந்தமையாற் கோயிலின் தூய்மைக்கு இழுக்கொன்றும் நேரவில்லை. தெருவை மறித்தால்தான் தூய்மை நிற்கும் என்று 1926-இற் கூறியவர்கள் அதனை நினைவிற் கொண்டிருக்கலாம்.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாளிற் சித்திரைத் திருநாள் அரசர் ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். இந்து சமயத்தாருள் பிறப்பாலோ குலத்தாலோ எவரும் அரசின் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் விலக்கப்படலாகாது என்றாயிற்று. அடுத்த சில கிழமைகளில் வந்தது மார்கழி. அவ்வாண்டு விழாவிற்கு வந்த குடும்பங்களுட் பலவற்றிற்கு அது முதல் மார்கழி. கோபுரத்தைத் தொலைவிற் கண்டு கும்பிட்டே முதுமையடைந்தோரும் தம் பேரப்பிள்ளைகளும் ஒருங்கே முதன்முறையாக உள்ளே அடிவைக்கக்கூடிய ஆண்டு அது. சுசீந்திரத்துத் தேருக்கு எத்தனை நூற்றாண்டு வயது என்று ஆராய்வோர் ஆராய்க. அது நாட்டார் அனைவரின் தேராய் ஓடத் தொடங்கியதற்கு ஆண்டு 1936 என்றே யாம் கொள்கின்றோம்.

இன்று வில்வண்டிகள் இல்லை. பேருந்தும் மகிழுந்தும் வருகின்றன. வயல்களிற் பல வீட்டுமனைகளாயின. கன்னிப்பூ எது, கும்பப்பூ எது என்று அறியாத பிள்ளைகளும் நாஞ்சில் நாட்டில் உளர். வாரவிடுமுறையில் திற்பரப்பு அருவிக்குச் சென்று நீராடுவோருட் பலர், அருவியை அடுத்துள்ள கோயில் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டனுள் ஒன்று என்பதை எண்ணாது மீளுகின்றனர். எனினும் மார்கழித் தேர்நாளிற் கன்னியாகுமரி மாவட்டம் முழுமைக்கும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கமாயிருக்கின்றது. வயல் கொடுத்த ஓய்வை இப்பொழுது அரசாணை கொடுக்கின்றது.

விழா முடிவில் மக்கள்மார் மூவரும் பெற்றோரிடம் விடைபெறுவர். கோட்டாற்றுப் பிள்ளையார்க்கும் மருங்கூர் முருகனுக்கும் வழி குறைவு. வேளிமலைக் குமரனுக்கு மேற்கே நெடுவழி உண்டு. விழாவிற்கு வந்த குடும்பங்களும் அவ்வவ் வழியே தத்தம் ஊர்க்குத் திரும்பும். தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தகப்பன்மார் நடப்பர்.